ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தால்: கன்ஸ்யூமர் கோர்ட்டா, போலீஸா, மருத்துவ கவுன்சிலா?

அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்த நான்காம் நாள் பாவாடை நனைந்துகொண்டே இருந்தது. துணி மாற்றினால் அரை மணி நேரத்தில் மறுபடியும் ஈரம். நர்ஸிடம் சொன்னோம், அவர் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் டிஸ்சார்ஜ். ஒன்பதாம் நாள் திரும்பப் போனபோது வெள்ளைப்படுதல் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காவது வாரம் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் ஒரு பக்கம் அறுபட்டிருந்தது. இரண்டாவது ஆபரேஷன் செய்து அதை மறுபடி பையில் பொருத்தினார்கள். முதல் ஆபரேஷனுக்கு 85,000 ரூபாய் கட்டியிருந்தோம், இரண்டாவதற்கு 1,90,000. அக்கா தையல் மெஷினில் உட்கார ஏழு மாதம் ஆனது.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். போலீஸில் புகார் கொடுத்தே தீருவேன் என்றார் அத்தான். பெரியப்பாவோ டாக்டரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்க முடியாது, விட்டுத்தள்ளு என்றார். தெரிந்த வக்கீல் ஒருவர் கன்ஸ்யூமர் கோர்ட் என்றார், மருந்துக்கடைக்காரர் மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதச் சொன்னார். எது சரி என்று விசாரித்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது அதே இடத்தில் தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, அப்போது அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

முதலில், மனசுக்கு ஒப்பாத ஒரு உண்மை. ஆபரேஷனில் குழாய் அறுபட்டது என்பதை மட்டும் வைத்து வழக்கு ஜெயிக்காது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒட்டித்தான் அந்தச் சிறுநீர்க்குழாய் போகிறது. கைதேர்ந்த சர்ஜனுக்கும் இது நேரலாம், மருத்துவப் புத்தகங்களிலேயே தெரிந்த சிக்கலாக எழுதியிருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளம் அடிபடுவதும் அப்படித்தான். சட்டம் கேட்கும் கேள்வி வேறு: அதே படிப்பும் அனுபவமும் உள்ள ஒரு சாதாரண டாக்டர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா? 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் உறுதிப்படுத்தியது.

அதனால் எங்கள் வழக்கின் உயிர் குழாய் அறுபட்டதில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருந்தது. நோயாளி நனைகிறேன் என்று சொன்ன பிறகு ஏன் ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை? ஏன் மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்?

இதை எப்படி நிரூபித்தோம்? கேஸ் ஷீட்டை வைத்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆபரேஷனுக்குப் பின் பிரச்சினை ஏதுமில்லை’ என்றுதான் இருந்தது. நர்ஸ் எழுதும் தாளில் நான்காம் நாள் காலை 6.40க்கு ஒரு வரி: ‘நோயாளி ஈரமாவதாகச் சொல்கிறார், டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.’ நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், பக்கத்தில் சுருக்கொப்பத்துடன் இருந்தது. எந்த வழியில் போயிருந்தாலும் அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கைகொடுத்திருக்கும். அது இல்லாவிட்டால் எந்த வழியும் மூடித்தான் இருந்திருக்கும்.

ஆகவே எங்கே போவது என்று முடிவெடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை, ஆவணம் கேட்டு எழுதுவது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘கேஸ் ஷீட்’ என்று மொத்தமாகக் கேட்டால் சம்மரியின் நகலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டர் குறிப்பு, மயக்க மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, சம்மதப் படிவம், பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் பிலிம், எல்லா பில்லும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையானால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். உயிரே போயிருந்தால், அந்த வேதனையிலும் சொல்கிறேன், சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை வாங்காதீர்கள். அதைப் பிறகு எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியாது.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பது, டாக்டர் மேல் கை வைப்பது வேண்டவே வேண்டாம். மருத்துவமனைத் தாக்குதலுக்கென்றே தமிழ்நாட்டில் 2008ல் தனிச்சட்டம் வந்திருக்கிறது, ஜாமீன் இல்லாத பிரிவு. அதன்பின் நியாயம் கேட்டுப் போனவர் குற்றவாளியாக நிற்பார்.

இனி வழிகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதப்போவதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான், அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நுகர்வோர் ஆணையம்

கன்ஸ்யூமர் கோர்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். 1995ல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கில், பணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019ல் புதுச்சட்டம் வந்தபோது மருத்துவம் அதில் வராது என்று ஒரு வாதம் எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021ல் அதை ஏற்கவில்லை, மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆகவே கதவு திறந்தே இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நன்மை உண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது, எவ்வளவு கட்டணம் என்பதை நாம் கேட்கும் நஷ்டஈடு தீர்மானிப்பதில்லை, நாம் மருத்துவமனைக்குக் கட்டிய பணம்தான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. எங்கள் 85,000 ரூபாய்க்கு ஒரு பைசா கட்டவில்லை. இதையே சிவில் கோர்ட்டில் 20 லட்சம் கேட்டுப் போட்டிருந்தால், 2017ல் குறைத்த பிறகும் 3 சதவீதம், அதாவது 60,000 ரூபாய் ஸ்டாம்பு ஆகியிருக்கும். இன்னொன்று, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவர் தென்காசியில் மனு கொடுக்கலாம். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார முடியாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அக்காவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மருத்துவமனை 30 நாளில் பதில் போட வேண்டும், மிஞ்சிப்போனால் 15 நாள் கூடுதல். அதைத் தாண்டினால் பதிலை ஏற்கக்கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஆனால் வழக்கை மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்வதை நம்பி யாரும் கணக்குப் போடாதீர்கள். எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

இந்த வழியில் பெரிய முட்டுக்கட்டை டாக்டர் சாட்சி. உள்ளூரில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதித் தரமாட்டார். நான் ஏறி இறங்கிய கிளினிக்குகளில் இரண்டு பேர், ‘தப்புதான் தம்பி, ஆனா என் பேரை இழுக்காதீங்க’ என்றார்கள். அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை, நாளைக்கும் அதே ஊரில் தொழில் செய்ய வேண்டியவர்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010ல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்துவிட்டால் அதற்கு நிபுணர் எதற்கு? ஆனால் எங்களுடையது போல மருத்துவ நுணுக்கம் உள்ள வழக்கில் ஏதாவது ஒரு மருத்துவக் கருத்து வேண்டும். எங்களுக்கு உதவியது இரண்டாவது மருத்துவமனையின் ஆபரேஷன் குறிப்பு. அந்த சர்ஜன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எந்த இடத்தில் குழாய் அறுபட்டிருந்தது, சுற்றிலும் எவ்வளவு தழும்பு, எத்தனை நாள் பழசு என்று தன் வேலையாக எழுதியிருந்தார். அது போதுமாயிருந்தது. அரசு மருத்துவக் கல்லூரியிடம் கருத்துக் கேட்டு வாங்கும்படி ஆணையத்திடமும் மனு போடலாம்.

சம்மதப் படிவத்தையும் இங்கே விட்டுவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்து எத்தனையோ பேர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். சமீரா கோலி வழக்கில் 2008ல் வந்த தீர்ப்பு முக்கியமானது. பரிசோதனைக்காகச் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போது கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன ஆபத்து வரலாம், வேறு வழி உண்டா என்று போதிய அளவு விளக்கிச் சொல்லி வாங்கியதுதான் சம்மதம். அக்காவின் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா எட்டாம் வகுப்பு, தமிழ் வழி.

தீர்ப்பில் இரண்டாவது ஆபரேஷன் செலவு முழுவதும், அதன்மேல் 4 லட்சமும் கொடுக்கச் சொன்னார்கள். மருத்துவமனை மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போயிருக்கிறது. போகும்போது உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், 2019 சட்டம் அப்படி. தனியாக நிற்கும் நோயாளிக்கு இந்த விதி பெரிய பலம்.

போலீஸ்

அத்தானின் ஆத்திரம் எனக்குப் புரிந்தது. ஆனால் அக்கா போன்ற ஒரு வழக்கில் இது முதல் வழியாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமென்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, படுமோசமான அலட்சியம் வேண்டும். போலீஸ் முதலில் சார்பில்லாத ஒரு டாக்டரிடம், முடிந்தால் அரசு டாக்டரிடம், கருத்து வாங்க வேண்டும். வழக்குப் போட்டார்கள் என்பதற்காகக் கைது செய்துவிட முடியாது. இறப்பு நேர்ந்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு. மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை தண்டனை, மருத்துவச் சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்ததென்றால் 2 ஆண்டு வரை. உயிர் போகாமல் காயம் மட்டும் என்றால் 125வது பிரிவு. எதிலும் நோயாளியின் அடுத்த ஆபரேஷன் செலவுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. வழக்குத் தள்ளுபடியானால், ‘போலீஸே தப்பில்லை என்று சொல்லிவிட்டது’ என்று அந்தக் காகிதத்தை எதிர்த்தரப்பு எல்லா இடத்துக்கும் தூக்கிவரும். அது மற்ற வழக்கைக் கட்டுப்படுத்தாது என்றாலும் மனசை உடைத்துவிடும்.

ஆனால் சிலவற்றுக்குப் போலீஸ்தான். படிப்பே இல்லாதவர் கத்தி பிடித்திருந்தால், மயக்க டாக்டர் இல்லாமலேயே மயக்கம் கொடுத்து உயிர் போயிருந்தால், கேஸ் ஷீட்டைத் திருத்தியிருந்தால், அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

மருத்துவ கவுன்சில்

தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் சென்னையில் இருக்கிறது. டாக்டரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். நஷ்டஈடு ஒரு ரூபாய்கூடத் தர முடியாது. புகார் கொடுக்கப் பெரிய செலவில்லை, வக்கீல் கட்டாயமில்லை, டாக்டர்களே விசாரிப்பதால் மருத்துவ நுணுக்கம் புரியும். டாக்டர்களே விசாரிக்கிறார்கள் என்பதே பலருக்கு நம்பிக்கையைக் குறைக்கவும் செய்கிறது. பெரிய குறை சட்டத்திலேயே இருக்கிறது. மாநில கவுன்சில் முடிவை எதிர்த்துத் தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் போகும் உரிமையை, அந்த ஆணையத்துக்கான 2019 சட்டத்தின் 30வது பிரிவு டாக்டருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது. நோயாளிக்கு அந்த வரி இல்லை. இது அநியாயம், திருத்தப்பட வேண்டியது.

இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதுதான் உங்கள் முதல் எண்ணம் என்றால் கவுன்சில் சரியான இடம். நுகர்வோர் வழக்கோடு சேர்த்தே இதை நடத்தலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. டாக்டர் அல்ல, மருத்துவமனையின் வசதிக் குறைவுதான் காரணம் என்று தோன்றினால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைகளின் பதிவு அவர் கையில்தான் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் நடந்தால்

எல்லாருக்கும் இலவசமாகவே செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று அந்த 1995 தீர்ப்பே சொல்கிறது. சிலருக்குப் பணம், சிலருக்கு இலவசம் என்றால் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். உங்களுக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது இலவசம் ஆகாது. ஆகவே காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நமக்கு உரிமையில்லை என்று ஒதுங்க வேண்டாம், வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள்.

முழு இலவசம் என்றால் அரசு மீது சிவில் வழக்கு, அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு, ஓர் ஆண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையம் என்று வழிகள் உண்டு. சிவில் வழக்கு ஜெயிக்கும், ஆனால் ஆயுசைத் தின்றுவிடும். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963ல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துவாலையை வைத்துத் தைத்து, அவர் இறந்தே போனார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றத்திலிருந்து முடிவு வந்தது 1996ல். நம் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் 1996ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாமல் அனுப்பியதால் இரண்டு கண்ணும் போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். தகப்பனார் விடாமல் போனதில் 2015ல் உச்ச நீதிமன்றம் வருங்காலச் செலவுக்கு 1.38 கோடியும், அதுவரை செலவழித்ததற்குத் தனியே 42 லட்சத்துக்கு மேலும் கொடுக்க வைத்தது. அந்தக் குழந்தைக்கு அப்போது 18 வயது.

பேசித் தீர்ப்பது

பெரியப்பா சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. எல்லாரும் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. மருத்துவமனையே கூப்பிட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றால் பேசலாம். ஆனால் அடுத்த சிகிச்சை முழுதாக முடியும் முன், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. எங்களிடம் 40,000 ரூபாயோடு அப்படி ஒரு தாள் வந்தது. அப்போது அக்காவுக்கு இரண்டாவது ஆபரேஷன் தேதிகூடக் குறிக்கவில்லை.

பேச ஒரு நல்ல இடம் நிரந்தர மக்கள் நீதிமன்றம். மருத்துவமனைச் சேவை அதன் வரம்பில் வருகிறது, 1 கோடி வரை எடுக்கும், கட்டணம் இல்லை. சமரசம் வராவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அங்கே மனு கொடுத்த பிறகு அதே விஷயத்துக்கு வேறு கோர்ட்டுக்கும் போக முடியாது. தொகை சிறிது, உண்மை பளிச்சென்று தெரிகிறது என்றால் போகலாம். மருத்துவச் சர்ச்சை உள்ள வழக்கை அங்கே கொண்டுபோய்ப் பந்தயம் வைக்க நான் சொல்லமாட்டேன். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று கோர்ட் வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலையும் அங்கேதான் கொடுக்கிறார்கள்.

கடைசியாக, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கெடுவைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1993ல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட கோவா நர்ஸ் ஒருவருக்கு வயிற்றுக்குள் விட்ட துணி 2002ல் இன்னொரு ஆபரேஷனில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2004ல் வழக்குப் போட்டார். இத்தனை வருடம் வலியிருந்தும் அந்த டாக்டரிடம் போய்க் கேட்கவில்லையே, கெடு முடிந்துவிட்டது என்று 2010ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழாய் அறுபட்டது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்றார் வக்கீல். வேண்டாம், முதல் ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுவோம் என்றேன். அத்தான் தினசரி காலண்டரில் அந்தத் தேதியைத் தேடி, தாளின் மூலையை மடித்து வைத்தார். அந்தத் தாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கும்போது எங்கள் மனு உள்ளே போனது.